நாடு மாறி உழைத்தோரின் இளைப்பாற்றுச் சம்பளம்

எண்பதுகளில் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட எமது இளைஞர்கள் இன்று அறுபது வயதை எட்டிவிட்டனர். கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பேர்லினுக்குள் கால் வைத்து, அங்கிருந்து ஜேர்மனியின் ஏதோவொரு நகரத்து அகதி முகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அங்கேயே தங்கியவர் ஒரு பகுதியினர். விண்ணப்பம் மறுக்கப்பட்டோ, உறவினரை நாடியோ பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றவர் இன்னொரு பகுதியினர். பின்னர் ஐரோப்பியக் குடியுரிமை கிடைத்ததும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை எண்ணி இலண்டனுக்குப் பெயர்ந்த குடும்பங்களும் பல. ஜேர்மனி, ஒல்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளிலிருந்து இவ்வாறு பெயர்ந்தோரை இன்று பிரித்தானியாவின் பல நகரங்களிலும் காணலாம்.

சென்ற இடமெல்லாம் இவர்கள் உழைத்தனர். கோப்பை கழுவினர், உணவகச் சமையலறைகளில் நின்றனர், விடிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தனர். சம்பளச் சிட்டையில் ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்தது. அது வரியோ வேறெதுவோ என்று பலரும் கேட்டறியவில்லை. கேட்பதற்கு மொழியும் இருக்கவில்லை. பென்சன் உள்ள உத்தியோகத்தர் என்றால் சீதனத்தைக் கூட்டிக் கொடுத்தும் பெண் கொடுக்க முண்டியடித்த யாழ்ப்பாணத்துச் சமூகம், புலம்பெயர்ந்த மண்ணில் தன் பென்சனைப் பற்றி விசாரிக்காமலே நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டது. இதனை ஒரு முரண் என்றே நாம் கருதுகின்றோம்.

அக்கழிவுப் பணம் எங்கே போயிற்று? நாடு மாறியதால் அது அழிந்துவிட்டதா? ஒரே காலத்தில் இரு நாடுகளில் வேலை செய்வோர் எந்த நாட்டுக்குக் கட்டவேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு காலத்தில் ஒரு நாடே

ஐரோப்பிய நாடுகள் தத்தமக்கென வெவ்வேறு காப்புறுதி முறைகளை வைத்திருக்கின்றன. அவை ஒன்றாக்கப்படவில்லை, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன, அவ்வளவே. இவ்விணைப்பு 1958 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க ஒழுங்குவிதியுடன் தொடங்கியது. 1971 இல் 1408/71 என்ற விதி அதன் இடத்தைப் பெற்றது. 2010 மே 1 முதல் நடைமுறையில் இருப்பது 883/2004 என்ற விதி. சுவிற்சர்லாந்து 2002 யூன் மாதம் முதல் இவ்வொழுங்கில் பங்குகொள்கின்றது. புதிய விதியை 2012 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது. நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்ரைன் ஆகியவற்றுக்கும் அவ்வாண்டு யூன் முதல் அது பொருந்துகின்றது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னரும், 2020 டிசம்பர் 31 க்கு முன்னர் பெயர்ந்தோரின் உரிமைகளை வெளியேற்ற உடன்படிக்கை காக்கின்றது. 2021 முதலான காலத்துக்கு வேறோர் உடன்படிக்கையின் கீழ் ஓய்வூதிய ஆண்டுகள் தொடர்ந்தும் கூட்டப்படுகின்றன.

எம்மவர் அறிந்திருக்கவேண்டிய முக்கிய செய்தி ஒன்றுண்டு. இவ்விதிகள் ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும் உரியனவல்ல. 1958 ஆம் ஆண்டு விதி முதற்கொண்டே, அகதிகளும் நாடற்றவர்களும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளனர். இங்கு அகதி என்பது 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவரையே குறிக்கும். தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவரும், மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதிக்கப்பட்டவரும் இச்சொல்லுக்குள் அடங்கமாட்டார்.

அவ்வாறாயின் இலங்கைக் கடவுச்சீட்டுடன் வதிவிட அனுமதி மாத்திரம் பெற்றிருப்போரின் நிலை என்ன? 2003 யூன் 1 இல் நடைமுறைக்கு வந்த விதியொன்று, ஒன்றியத்துக்குள் சட்டப்படி வதிந்து நாடு மாறும் வேற்று நாட்டவருக்கும் இவ்வுரிமையை வழங்கிற்று. அதற்கு முற்பட்ட உழைப்பு ஆண்டுகளும் கணக்கில் எடுக்கப்படும் என்று அவ்விதி கூறிற்று. டென்மார்க் அதில் சேரவில்லை. சுவிற்சர்லாந்துக்கும் அது பொருந்தாது. ஆகவே, குடியுரிமையோ அகதித் தகுதியோ இல்லாத ஒருவர் ஜேர்மனியிலும் பிரான்சிலும் உழைத்தால் ஆண்டுகள் கூட்டப்படும். ஜேர்மனியிலும் சுவிசிலும் உழைத்தால் கூட்டப்படா. அதே உழைப்புத்தான், அதே கைகள்தான். கையிலுள்ள கடவுச்சீட்டே வேறுபாட்டை உண்டாக்குகின்றது.

இன்னொன்றையும் கூறவேண்டும். லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம், லெபனானிலிருந்து ஜேர்மனிக்கு வந்த பாலஸ்தீன, குர்திய குடும்பங்களின் வழக்கில் 2001 ஒக்ரோபர் 11 அன்று தீர்ப்பளித்தது. அகதிகள் இவ்விதிகளுக்குள் அடங்குவர்; ஆயினும் வெளிநாட்டிலிருந்து நேராக ஒரே நாட்டுக்கு வந்து அங்கேயே இருப்பவர் இவற்றைத் துணைக்கழைக்க முடியாது என்பதே அதன் சாரம். கொழும்பிலிருந்து நேரே பிராங்போர்ட்டுக்கு வந்து அங்கேயே வாழ்வோருக்கு ஜேர்மனியின் உள்நாட்டுச் சட்டமே எல்லாம். இக்கட்டுரை எல்லை கடந்தோருக்கானது.

பாசலில் நான்கு நாள், லோராக்கில் ஒரு நாள்

ஒரே காலத்தில் இரு நாடுகளில் உழைப்போரின் சிக்கல் எல்லையோர நகரங்களில் மிகுதி. பாசல் நகரை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் ஜேர்மனியின் லோராக்; மறுபுறம் பிரான்சின் சென் லூயி. ஜேர்மனியக் குடியுரிமை பெற்ற எம்மவர் ஒருவர் லோராக்கில் வாழ்கின்றார் எனக் கொள்வோம். கிழமையில் நான்கு நாட்கள் பாசல் விடுதியொன்றின் சமையலறையில் வேலை. ஒரு நாள் லோராக்கில் துப்புரவு வேலை. பாசலில் ஒரு கழிவு, லோராக்கில் ஒரு கழிவு என இரண்டையும் கட்டிவருகின்றார். இதுவே நேர்மையான முறை என்றும் நம்புகின்றார்.

சட்டமோ அவ்வாறு கூறவில்லை. எத்தனை நாடுகளில் உழைத்தாலும், ஒரு காலத்தில் ஒரேயொரு நாட்டின் சட்டமே ஒருவரை ஆளும். எந்த நாடு என்பதை முடிவு செய்ய, வதியும் நாட்டில் அவருடைய வேலையின் 25 வீதமேனும் நடைபெறுகின்றதா என்று பார்ப்பர். மேற்கூறியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதமே லோராக்கில் நடைபெறுகின்றது. ஆகவே அவர் முழுமையாகச் சுவிற்சர்லாந்துக்கு உரியவர். லோராக் முதலாளியும் அவருக்கான பங்களிப்பைச் சுவிசுக்கே கட்டவேண்டும். அவரே இன்னும் அரை நாள் கூடுதலாக லோராக்கில் வேலை செய்யத் தொடங்கினால் கணக்கு 25 வீதத்தைத் தாண்டிவிடும். அப்போது அவர் முழுமையாக ஜேர்மனிக்கு உரியவராகிவிடுவார். பாசல் விடுதி முதலாளி ஜேர்மனியில் தம்மைப் பதிவு செய்து அங்குள்ள வீதப்படி கட்டவேண்டும். ஜேர்மனிய ஓய்வூதியக் காப்புறுதி சம்பளத்தில் 18.6 வீதம், தொழிலாளியும் முதலாளியும் பாதி பாதி. சுவிசில் ஏ.எச்.வி. எனப்படும் முதியோர் காப்புறுதியும் அதனோடு சேர்ந்தவையும் 10.6 வீதம், அதுவும் பாதி பாதியே. சுவிஸ் முதலாளிகள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். வேலைக்குச் சேர்க்கும்போதே “வேறெங்காவது வேலை செய்கின்றாயா” என்று அவர்கள் கேட்பதன் காரணம் இதுவே. இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தோர் பின்னர் பெருந்தொகைப் பட்டியலுக்கு முகங்கொடுக்க நேரும்.

சொந்தக் கடை வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். ஒரு நாட்டில் சம்பள வேலையும் இன்னொரு நாட்டில் சொந்தத் தொழிலும் உள்ள ஒருவருக்கு, சம்பள வேலை உள்ள நாட்டின் சட்டமே பொருந்தும். பாசலில் வேலை செய்துகொண்டு சென் லூயியில் பலசரக்குக் கடை நடத்தும் பிரெஞ்சுக் குடிமகன், கடையின் வருமானத்தையும் சுவிஸ் காப்புறுதிக்கே அறிவித்துக் கட்டவேண்டும். பிரான்சில் கட்டிக்கொண்டுதானே இருக்கின்றேன் என்பது விடையாகாது. சுவிஸ் காப்பகம் ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று நிலுவை கேட்கலாம். ஆண்டுக்கு 5 வீதத் தாமத வட்டியும் சேரும். பிழையான நாட்டில் கட்டியதைத் திரும்பப் பெறுவது வேறொரு நெடும்பயணம்.

இத்தொல்லைகளைத் தவிர்க்க வழி எளியது. இரண்டாம் நாட்டில் வேலை தொடங்குமுன், வதியும் நாட்டின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்வது அந்நிறுவனமே. மற்ற நாட்டுக்கு மறுப்புத் தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் உண்டு. பின்னர் ஏ 1 என்ற சான்றிதழ் வழங்கப்படும். முன்னர் ஈ 101 என்று அழைக்கப்பட்டது இதுவே. அச்சான்றிதழ் கையிலிருந்தால் மற்ற நாட்டு அதிகாரிகள் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்வோருக்கு 2023 யூலை முதல் ஒரு சலுகை உண்டு. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் உட்படக் கையொப்பமிட்ட நாடுகளுக்கிடையில், வேலையின் பாதிக்கும் குறைவான பகுதியை வீட்டிலிருந்து செய்தால், முதலாளியின் நாட்டிலேயே காப்புறுதியைத் தொடரக் கோரலாம். கோப்பை கழுவுவோருக்கு இதனால் பயனில்லை. அவர்தம் பிள்ளைகளுக்குப் பயனுண்டு.

நான்கு ஆண்டும் வீணல்ல

இனி, நாடு மாறி மாறி உழைத்தோரின் நிலையைப் பார்ப்போம். 1964 இல் பிறந்த ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். 1986 முதல் 1989 முடிய ஜேர்மனியில் நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள் உழைத்தார். பின்னர் பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்டு 13 ஆண்டுகள் வேலை செய்தார். பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றார். 2004 இல் இலண்டன் சென்று 20 ஆண்டுகள் உழைத்தார்.

ஜேர்மனியில் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 60 மாதங்கள் வேண்டும். 48 மாதங்களே உள்ளமையால் அது போய்விட்டது என்று அவரும் நம்புகின்றார். அவருக்கு ஆலோசனை சொல்வோரும் அவ்வாறே சொல்கின்றனர். இது பிழை. தகுதியைப் பார்க்கும்போது பிரான்சிலும் பிரித்தானியாவிலும் உழைத்த காலமும் கூட்டப்படும். கூட்டினால் 60 மாதங்களை எளிதில் தாண்டுகின்றார். ஜேர்மனி தன் நான்கு ஆண்டுகளுக்குரிய பங்கை மாதந்தோறும், வாழ்நாள் முழுதும் அவருக்குச் செலுத்தும். பிறநாட்டு ஆண்டுகளுக்கு ஜேர்மனி பணம் தராது. தகுதிக் கதவைத் திறக்க மட்டுமே அவை உதவும்.

பிரித்தானியாவில் 2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி, குறைந்தது 10 ஆண்டுகளும் முழுத் தொகைக்கு 35 ஆண்டுகளும் வேண்டும். எமது உதாரண மனிதர் ஏறத்தாழ 35 இல் 20 பங்கைப் பெறுவார். இலண்டனில் மூன்றே ஆண்டுகள் உழைத்துவிட்டு மீண்டும் பாரிசுக்குத் திரும்பியவருக்கும் இங்கே வழியுண்டு. பிரான்ஸ் ஆண்டுகளைக் கூட்டிப் பத்தை எட்டினால், அந்த மூன்று ஆண்டுகளுக்குரிய சிறு தொகை அவரைச் சேரும்.

பிரான்சில் ஆண்டைக் காலாண்டுகளாக எண்ணுவர். 13 ஆண்டுகளுக்கு 52 காலாண்டுகள். குறைப்பின்றிப் பெற ஏறத்தாழ 170 தேவை. 52 ஐ மட்டும் காட்டி 67 வயதுக்கு முன்னர் விண்ணப்பிப்பவரின் தொகை வெட்டப்படும். ஜேர்மனியின் 16 ஐயும் பிரித்தானியாவின் 80 ஐயும் சேர்த்துக் காட்டினால் 148 ஆகிவிடும். வெட்டு வெகுவாகக் குறையும். பிரான்சில் விண்ணப்பிக்கும் எம்மவர் ஏனைய நாடுகளைக் குறிப்பிடாமல் விடுவது, தம் பணத்தைத் தாமே குறைப்பதாகும்.

சுவிசின் கணக்கு வேறு. அங்கு ஓராண்டு கட்டியிருந்தாலே தகுதி வந்துவிடும். முழு ஓய்வூதியத்துக்கு 44 ஆண்டுகள். குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 44 இல் ஒரு பங்கு குறையும். 2025 இல் முழு ஓய்வூதியம், சராசரி வருமானத்தைப் பொறுத்து, மாதம் 1260 முதல் 2520 பிராங் வரை இருந்தது. 11 ஆண்டுகள் உழைத்தவருக்கு அதிற் கால்பங்கு. 28 வயதில் வந்து சேர்ந்த ஒருவர் எவ்வளவு கடுமையாக உழைத்தாலும் 44 ஐ எட்ட முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சமூக உதவியில் வாழும் முதியோரைக் குறைகூறுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

வயதும் நாட்டுக்கு நாடு மாறும். 1964 இல் பிறந்தவருக்கு ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் 67. சுவிசில் ஆணுக்கு 65. எனவே எல்லாம் ஒரே நாளில் வரா. ஜேர்மனியில், உரிமை பிறந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்காவிடின், விண்ணப்பித்த மாதத்திலிருந்தே பணம் தொடங்கும். கடந்த மாதங்கள் கடந்தவையே. சுவிஸ் ஐந்து ஆண்டு நிலுவையைத் தரும். எந்த நாடும் இலண்டனிலுள்ள உங்கள் வீட்டைத் தேடிவந்து கதவைத் தட்டாது.

தாயகத்தில் செய்த வேலையைப் பற்றியும் சிலர் வினவுகின்றனர். இலங்கையுடன் ஜேர்மனிக்கோ சுவிசுக்கோ இத்தகைய உடன்படிக்கை இல்லை. ஆகவே ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டிய ஆண்டுகளும், அரசாங்க ஆசிரிய சேவை ஆண்டுகளும் அந்நாடுகளின் கணக்கிற் சேரா.

கட்டியதைத் திரும்பப் பெறலாமா?

இக்கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் விடையுண்டு. இலங்கைக் குடியுரிமையுடன் இருப்பவர் சுவிசை விட்டுக் குடும்பத்தோடு நிரந்தரமாக நீங்கினால், ஓராண்டேனும் கட்டியிருப்பின், ஏ.எச்.வி. பணத்தை முதலாளியின் பங்கோடு திரும்பக் கேட்கலாம். இலங்கையில் வாழும் இலங்கையருக்குச் சுவிஸ் ஓய்வூதியம் அனுப்பப்படமாட்டாது. ஆதலால் அத்தகையோர் திரும்பப் பெறுவதே அறிவுடைமை. ஆனால் பெற்றவுடன் அந்த ஆண்டுகள் யாவும் அழிக்கப்படும். பின்னர் திரும்பி வர நேர்ந்தால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டியதே.

ஜேர்மனியில் நிலைமை வேறு. அங்கு இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னர், தொழிலாளியின் பங்கு மட்டுமே திரும்பும். முதலாளி கட்டிய பாதி போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வதிவோருக்கு அதுவும் இல்லை. 60 மாதங்கள் நிரம்பியவரின் ஜேர்மனிய ஓய்வூதியம் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பப்படும். எனவே, அவசரத் தேவைக்கு ஆயிரம் இரண்டாயிரம் வருமே என்று கையொப்பமிடுவதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம்.

பெயர் ஒன்று, எழுத்துக்கள் பல

எம்மவரின் ஆண்டுகள் தொலைவதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் எமது பெயர்களே. தகப்பன் பெயரை முன்னே எழுதித் தன் பெயரைப் பின்னே எழுதும் எம் வழக்கு ஐரோப்பிய எழுதுவினைஞருக்கு விளங்கவில்லை. ஒரு நாட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராயிற்று; மறுநாட்டில் தன் பெயரே குடும்பப் பெயராயிற்று. பிறந்த திகதி தெளிவில்லாதோருக்கு யனவரி 1 இடப்பட்டது. ஜேர்மனியக் காப்புறுதி இலக்கத்தில் பிறந்த திகதியும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் அடங்கியுள்ளன. 2008 க்கு முற்பட்ட சுவிஸ் இலக்கமும் பெயரையும் பிறப்பையும் கொண்டே அமைக்கப்பட்டது. பெயர் மாறினால் ஒருவர் இருவராகிவிடுவார். பாதி ஆண்டுகள் ஒரு கணக்கிலும் மீதி மற்றக் கணக்கிலும் கிடக்கும்.

இதைச் சரிசெய்ய ஐம்பது வயதிலேயே தொடங்கவேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் உங்கள் கணக்கின் பிரதியைக் கேட்டு எழுதுங்கள். சுவிசில் தனிக்கணக்கின் பிரதி இலவசம். ஜேர்மனியில் கணக்கைச் சரிபார்க்குமாறு கோரலாம். பழைய அகதி அட்டை, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, திருமணப் பதிவு, குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதவேண்டும்.

சம்பளச் சிட்டைகளை எறிந்துவிடவேண்டாம். முதலாளி உங்கள் சம்பளத்திற் கழித்துவிட்டுக் காப்பகத்துக்குக் கட்டாமல் விட்டிருந்தால், கழித்ததை நிரூபிப்பவருக்குச் சுவிஸ் சட்டம் அந்த ஆண்டை வழங்குகின்றது. ஜேர்மனியச் சட்டத்திலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. முப்பது ஆண்டுப் பழைய காகிதம் ஓராண்டு ஓய்வூதியத்துக்குச் சமமாகலாம். கறுப்பில் வேலை செய்த ஆண்டுகளுக்கும், வேறொருவரின் அட்டையில் செய்த வேலைக்கும் அத்தகைய காகிதம் இல்லை. முன்னதிற் பங்களிப்பே இல்லை. பின்னதில் அது அட்டைக்காரரின் கணக்கிற் போய்ச் சேர்ந்தது. அக்காலத்தில் வேறு வழியின்றி அவ்வாறு உழைத்தோரை நாம் குறை சொல்லவில்லை. இன்றும் எமது கடைகளில் புதிதாக வந்த இளைஞரைக் கறுப்பில் வைத்திருக்கும் எம்மின முதலாளிகளையே குறை சொல்கின்றோம்.

இறுதியாகக் குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணவர் எந்தெந்த நாட்டில், எந்தெந்த ஆண்டில், எந்தப் பெயரில் உழைத்தார் என்பதை அவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர் காலமானால் சுவிசிலும் ஜேர்மனியிலும் விதவை ஓய்வூதியமும் பிள்ளைகளுக்கான ஓய்வூதியமும் கோரலாம். பிள்ளைகளுக்கு 18 வயது வரையும், படிப்போராயின் சுவிசில் 25, ஜேர்மனியில் 27 வயது வரையும் அது கிடைக்கும். இலண்டனிலுள்ள விதவை, திருமணத்துக்கு முன் கணவர் ஜேர்மனியில் நான்கு ஆண்டுகள் வேலை செய்ததை அறியாவிடின் அதைக் கோருவார் எவருமில்லை. ஜேர்மனியில் பிள்ளை வளர்த்த தாய்மாருக்கும் தனி உரிமை உண்டு. 1992 முதல் அங்கு பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆண்டுகள் பங்களிப்புக் காலமாகத் தாயின் கணக்கில் எழுதப்படும். ஒரு நாளும் வேலைக்குச் செல்லாத தாய் இரு பிள்ளைகளை வளர்த்திருந்தால் 72 மாதங்களாகி, 60 என்ற எல்லையைத் தாண்டிவிடுகின்றார். ஆனால் அதற்கென விண்ணப்பம் இடப்பட்டிருக்கவேண்டும்.

விண்ணப்பத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே அனுப்பத் தேவையில்லை. இன்று வதியும் நாட்டின் ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரேயொரு விண்ணப்பம் கொடுத்து, உழைத்த நாடுகள் அனைத்தையும் அதில் குறிப்பிட்டாற் போதும். ஏனைய நாடுகளோடு தொடர்புகொள்வது அவ்வலுவலகத்தின் கடமை. ஒவ்வொரு நாட்டின் முடிவும் வந்த பின்னர், யாவற்றையும் தொகுத்துக் காட்டும் பீ 1 என்ற பத்திரம் உங்களுக்கு அனுப்பப்படும். வெளிநாட்டுப் பதிவுகளைத் தேடியெடுக்கக் காலம் பிடிக்குமாதலால், ஓய்வு வயதுக்கு ஓராண்டு முன்னதாகவே விண்ணப்பத்தைக் கையளித்து, திகதி முத்திரையிட்ட பிரதியொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.